நாணயத்தின் மீதுள்ள ஆண்டு
வாசகர் கேள்வி – பதில்

செட்டிநாட்டு வாசகர்களின் நாணயக் கேள்விகள் மூன்று மாதங்களாகச் சேர்ந்துவிட்டன. பழைய வீடுகளில் பாகப்பிரிவினையும் பழுதுபார்ப்பும் நடக்கும் காலம் என்பதால், பெட்டகங்கள் திறக்கப்படும்போதெல்லாம் இந்தப் பகுதிக்குக் கடிதம் வருகிறது. ஒரே பொருளில் வந்தவற்றைச் சேர்த்து இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன்.

கானாடுகாத்தான் வாசகி: எங்கள் வீட்டு இரண்டாம் கட்டுப் பெட்டகத்தில், அப்பத்தா பின்னிய கொட்டானுக்குள் சிவப்புத் துணியில் முடிந்த நாணயங்கள் கிடைத்தன. நேரு உருவம் பொறித்த ஒரு ரூபாய் ஒன்று. காந்தி உருவத்துடன் ‘1869–1948’ என்று பொறித்தவை மூன்று, அவற்றில் ஒன்று பெரிய வெள்ளி நாணயம். மயில் பொறித்த வெள்ளிக்காசு இரண்டு. அமர்ந்த பெண் உருவமுள்ள அயல்நாட்டு வெள்ளி ஒன்று. வீடு தேடி வந்த தரகர் ஒருவர், 1869-ஆம் ஆண்டு நாணயம் இலட்சக்கணக்கில் விலைபோகும் என்கிறார். இவற்றில் நினைவு நாணயங்கள் எவை?

பதில்: காந்தியடிகள் பிறந்த ஆண்டிலேயே அவர் தாத்தாவாக ஆன தோற்றத்தை யார் நாணயத்தில் பொறித்திருப்பார்கள் என்று அந்தத் தரகரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். 1869 அவர் பிறந்த ஆண்டு, 1948 மறைந்த ஆண்டு. இந்த நாணயங்கள் அவருடைய நூற்றாண்டையொட்டி 1969-இல் வெளியானவை; அச்சடித்த ஆண்டு அவற்றில் தனியாகப் பொறிக்கப்படவில்லை. அதனால்தான் சிலர் 1869 என்றும் வேறு சிலர் 1948 என்றும் சொல்லி ஏமாறுகிறார்கள், ஏமாற்றவும் செய்கிறார்கள். அந்த வரிசையில் 20 பைசா, 50 பைசா, ஒரு ரூபாய், பத்து ரூபாய் என்று நான்கு மதிப்புகள் உண்டு. பெரிய வெள்ளி நாணயம் என்று நீங்கள் எழுதியிருப்பது பத்து ரூபாய் நாணயமாகத்தான் இருக்க வேண்டும்: எடை 15 கிராம், நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி, அதாவது 12 கிராம் வெள்ளி அதில் இருக்கிறது. நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மஞ்சள் நிற 20 பைசாவும் உங்களிடம் இருக்கக்கூடும். அது நம் தலைமுறையினர் பலருடைய வீட்டிலும் இருப்பது.

நேரு நாணயத்திலும் இதே கதைதான். அதில் உள்ள ‘1889–1964’ அவருடைய வாழ்நாள். விடுதலை பெற்ற இந்தியா வெளியிட்ட முதல் நினைவு நாணயம் அதுதான். அவர் மறைந்த 1964-இல் 50 பைசாவிலும் ஒரு ரூபாயிலும் வந்தது. 50 பைசாவில் பெயர் ஆங்கிலத்தில் உள்ளதும் இந்தியில் உள்ளதும் என இரு வகைகள் உண்டு என்பதால், சேகரிப்பவர்கள் இரண்டையும் தேடுவார்கள். உங்கள் நேரு ரூபாயின் அருகே ஒரு காந்தத்தைக் கொண்டுபோய்ப் பாருங்கள். நிக்கல் நாணயம் என்பதால் அது தாவி ஒட்டிக்கொள்ளும். அதை வெள்ளி என்று நினைத்து வைத்திருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

மயில் பொறித்த இரண்டும் நினைவு நாணயங்கள் அல்ல. ஆனால் உங்கள் பெட்டகத்தில் எனக்கு ஆசை அவற்றின் மேல்தான். அவை பர்மாவின் மிண்டோன் மன்னர் வெளியிட்ட ரூபாய்கள். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன உங்கள் ஐயாவோ அவருக்கு முந்தியவரோ ரங்கூனிலோ மாண்டலேயிலோ கடைப் பெட்டியடியில் வாங்கிப் போட்டவையாக இருக்கலாம். அவற்றில் பர்மிய எண்களில் 1214 என்ற பர்மிய ஆண்டு இருக்கும். அது நம் கணக்கில் 1852–53. ஆனால் மாண்டலேயில் நாணய எந்திரம் ஓடத் தொடங்கியது 1865-இல்தான். மன்னர் ஆட்சிக்கு வந்த ஆண்டையே அந்த நாணயங்கள் தாங்கி நிற்கின்றன. காந்தி நாணயமும் மயில் நாணயமும் ஒரே துணியில் முடிந்து கிடந்திருக்கின்றன. இரண்டிலுமே பொறித்த ஆண்டு வேறு, அடித்த ஆண்டு வேறு. ஒரு நாணயத்தைக் கையில் எடுத்தவுடன் அதிலுள்ள ஆண்டு எதைச் சொல்கிறது என்று கேட்கப் பழகியவர், தரகருக்கு அஞ்ச வேண்டியதில்லை.

அமர்ந்த பெண் உருவம் பொறித்தது சைகோன் பக்கத்தில் புழங்கிய பிரெஞ்சு இந்தோசீனத்தின் பியாஸ்தர் என்று தோன்றுகிறது. அதன் பின்புறத்தில் வெள்ளியின் தரம் 0,900 என்றும் எடை 27 கிராம் என்றும் நாணயமே சொல்லிவிடும் (1895-க்கு முந்தியதானால் 27.215 என்று இருக்கும்). தன் எடையைத் தானே பொறித்துக்கொண்ட நாணயத்தைத் தராசில் வைத்துப் பார்க்காமல் வாங்குவதும் விற்பதும் பெரும் பிழை; 24 கிராம் காட்டினால் அது போலி, அதற்கு மேல் ஆராய ஒன்றுமில்லை.

தரகரிடம் எதையும் கொடுத்தனுப்ப வேண்டாம். ‘ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன்’ என்றாலும் வேண்டாம்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனுக்காகக் கொத்தமங்கலத்திலிருந்து ஒரு தாயார்: மகன் ஊருக்கு வந்து திரும்பும்போது ஐயா காலத்து மயில் காசுகளை ஞாபகமாகக் கொண்டுபோக விரும்புகிறான். தடை உண்டா?

பதில்: உண்டு, ஆச்சி. நூறு ஆண்டைக் கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே எடுத்துச் செல்ல முடியாது. பர்மாவிலிருந்து வந்தது என்பதால் விலக்குக் கிடைக்காது. நல்ல வெளிச்சத்தில் இருபுறமும் படம் எடுத்து மகனிடம் கொடுத்தனுப்புங்கள்.

தேவகோட்டை, கல்லூரி மாணவர்: நினைவு நாணயங்கள் சேகரிக்க ஆசை. கையில் 500 ரூபாய்தான் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: 500 ரூபாயைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள்; அதைச் சில்லறையாக மாற்றினால் போதும். நினைவு நாணயம் என்றதும் வெல்வெட் பெட்டியில் வைத்த வெள்ளி நாணயம்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் புழக்கத்துக்காகவே அடிக்கப்பட்ட நினைவு நாணயங்கள் ஏராளம். அவை பெட்டிக்கடைக் கல்லாவிலும் பேருந்து நடத்துநர் பையிலும் கிடக்கின்றன.

பத்து ரூபாய் நாணயத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் நம் பக்கத்துக் கடைகள் வாங்க மறுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரே மதிப்பில் வெவ்வேறு உருவங்கள் இருந்ததே அதற்குக் காரணம்: ரூபாய்க் குறியீடு உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று, வைஷ்ணவ தேவி உருவம், காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியதன் நூற்றாண்டு, அம்பேத்கரின் 125-ஆம் ஆண்டு, யோகா நாள் என்று ஒவ்வொன்றும் ஒரு விதமாக இருக்க, ஏதோ ஒன்று போலி என்று மக்கள் முடிவுகட்டிவிட்டார்கள். வெளியான 14 வடிவங்களுமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்த நாள்களில் காரைக்குடியில் ஒரு மளிகைக் கடைக்காரர் ‘இந்தக் கழிசடையை யாரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள்’ என்று ஒரு டப்பா நிறையப் பத்து ரூபாய் நாணயங்களை என்னிடம் தள்ளிவிட்டார். நான் நோட்டாகக் கொடுத்து அத்தனையையும் வாங்கிக்கொண்டேன். என் சேகரிப்பில் பத்து ரூபாய் வரிசைக்கு அடிப்படை அந்த டப்பாதான்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடிய நல்ல தொடக்கம், தமிழ்நாட்டோடு தொடர்புள்ள நாணயங்கள். 1995-இல் தஞ்சாவூரில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது திருவள்ளுவர் உருவத்துடன் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்கள் வந்தன. இவற்றுள் இரண்டு ரூபாய் பதினொரு பக்கமுள்ளது. காமராசர் நூற்றாண்டுக்கு ஐந்து ரூபாய் வந்தது. அண்ணா நூற்றாண்டின் ஐந்து ரூபாயில் உருவத்தோடு அவருடைய தமிழ்க் கையெழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கும். தேய்ந்த நாணயத்தில் முதலில் மங்குவது அந்தக் கையெழுத்துத்தான் என்பதால், எழுத்தின் சுழிகள் தெளிவாகத் தெரியும் ஒன்று கிடைக்கும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டை நினைவூட்டும் ஐந்து ரூபாய் 2010-ஆம் ஆண்டினது. சி. சுப்பிரமணியம் நூற்றாண்டு நாணயமும் அதே ஆண்டில்தான். இவற்றையெல்லாம் காசு கொடுத்து வாங்காமல் சில்லறையிலேயே பிடித்துவிட முடியுமா என்று ஓராண்டு முயன்று பாருங்கள். கிடைக்காத ஒன்றிரண்டை மட்டும் கடையில் வாங்கலாம்.

கோட்டையூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: அரசு நாணயச்சாலை விற்கும் 75 ரூபாய், 100 ரூபாய், 1000 ரூபாய் நாணயங்களை எப்படி வாங்குவது? பேரனுக்கு முதலீடாக வாங்கி வைக்கலாமா?

பதில்: முதல் கேள்விக்கு எளிதாகப் பதில் சொல்லலாம். மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு நாணயச்சாலைகளையும் நடத்தும் அரசு நிறுவனம் தன் இணையதளத்தில் முன்பதிவுக்கு அறிவிப்பு வெளியிடும். பணம் கட்டினால் அஞ்சலில் வரும். பதிவு குறிப்பிட்ட காலத்துக்கே திறந்திருக்கும் என்பதும், நாணயம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதும் தெரிந்து வாங்க வேண்டியவை. வங்கிக் கவுன்ட்டரில் கேட்டால் கிடைக்காது. 75 ரூபாயைக் கொடுத்து 75 ரூபாய் நாணயத்தை வாங்கவும் முடியாது.

வாங்கும்போது ‘யுஎன்சி’, ‘புரூஃப்’ என்று இரண்டு வகை கேட்பார்கள். முதலாவது புழக்கத்துக்கே போகாத, அச்சிலிருந்து இறங்கியபடியே உள்ள நாணயம். இரண்டாவது, மெருகேற்றிய வெற்று உலோக வட்டத்தில் மெருகேற்றிய அச்சைக் கொண்டு ஒருமுறைக்கு மேல் அழுத்தி எடுப்பது; பின்புலம் முகம் பார்க்கும் கண்ணாடிபோலவும் உருவம் மட்டும் வெண்மையாக மங்கியும் தெரியும். புரூஃப் விலை கூடுதல். என் கண்ணுக்கு யுஎன்சி போதுமானது. புரூஃப் நாணயத்தில் ஒரு விரல் ரேகை விழுந்தால்கூட மனம் ஆறாது.

முதலீடு பற்றிய கேள்விக்கு நாணயத்தின் உள்ளிருக்கும் வெள்ளியைக் கணக்கிட்டே பதில் சொல்கிறேன். 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத் திறப்பில் வெளியான 75 ரூபாய் நாணயத்தின் எடை 35 கிராம். அதில் வெள்ளி பாதிதான், மீதி செம்பு 40 பங்கும் நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து பங்கும். ஆக 17.5 கிராம் வெள்ளி. பெரிய கோயில் ஆயிரமாண்டு 1000 ரூபாய் நாணயமும் அதே 35 கிராம் எடைதான், ஆனால் நூற்றுக்கு 80 வெள்ளி என்பதால் 28 கிராம். முகமதிப்புக்கும் வெள்ளிக்கும் நேரடி உறவு இல்லை என்பது இதிலேயே தெரிகிறது. நீங்கள் கட்டும் விலையிலிருந்து அன்றைய வெள்ளி விலையைக் கழியுங்கள். மிஞ்சுவது வேலைப்பாட்டுக்கும் பெட்டிக்கும் நினைவுக்கும் நீங்கள் கொடுக்கும் விலை. அந்தப் பகுதி நாளை திரும்பி வருமா என்பது, அந்தத் தலைவரையோ நிகழ்வையோ விரும்பிச் சேகரிப்பவர்கள் அன்று எத்தனை பேர் இருப்பார்கள் என்பதைப் பொறுத்தது. பேரனுக்கு முதலீடுதான் நோக்கம் என்றால் நினைவு நாணயம் வேண்டாம் என்பது என் கருத்து. பேரனோடு உட்கார்ந்து பார்ப்பதற்கு என்றால், பெரிய கோயில் நாணயத்தை வாங்குங்கள். வாங்கிய வாரத்திலேயே அவனைத் தஞ்சாவூருக்கும் அழைத்துப் போங்கள்.

பள்ளத்தூர் வாசகி: வெள்ளி நாணயங்கள் கறுத்துவிட்டன. குத்துவிளக்கைப் புளி போட்டும் வெள்ளிச் சாமான்களை விபூதி போட்டும் துலக்குகிறோம். நாணயத்துக்கு எது நல்லது?

பதில்: இரண்டும் வேண்டாம். இந்தப் பதிலை என் சொந்தச் செலவில் கற்றேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பள்ளி நாள்களில் என் அப்பச்சி காந்தி பத்து ரூபாய் ஒன்றை எனக்குக் கொடுத்தார். பொங்கலுக்கு முதல் வாரம் வீட்டில் வெள்ளிச் சாமான்களை முற்றத்தில் பரப்பி விபூதியால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் என் நாணயத்தைக் கொண்டுபோய் அந்த வரிசையில் வைத்துத் தேய்த்தேன். பளபளவென்று வந்துவிட்டது. எனக்குப் பெருமை தாளவில்லை. பல ஆண்டுகள் கழித்து அதை மதுரையில் ஒரு வியாபாரியிடம் காட்டினேன். அவர் விளக்கின் கீழே பிடித்து, உருப்பெருக்கியை வைத்து, நாணயத்தை மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். விலை சொல்லவில்லை, எடுத்துத் தராசில் வைத்தார். அதற்குப் பொருள் எனக்குப் புரிந்துவிட்டது: அது இனி நாணயமில்லை, 15 கிராம் உலோகம்.

அச்சிலிருந்து இறங்கும் நாணயத்தின் பரப்பில், உலோகம் அழுத்தத்தில் விரிந்து ஓடிய தடங்கள் நுண்ணிய கோடுகளாக மையத்திலிருந்து விளிம்பு நோக்கி இருக்கும். வெளிச்சத்தில் சாய்க்கும்போது ஒளி ஒரு சக்கரம்போலச் சுழல்வது அதனால்தான். விபூதி எவ்வளவு மென்மையாகத் தோன்றினாலும் தூள்தான். அது அந்தத் தடங்களை அழித்து, நாம் தேய்த்த திசையில் வேறு கீறல்களைப் போட்டுவிடும். புளியின் அமிலம் செம்பு, பித்தளை நாணயங்களின் மேல்தோலையே உரித்து, நாணயத்துக்கு இல்லாத ஒரு இளஞ்சிவப்பு நிறத்தைக் கொடுக்கும். கறுப்பு என்று நீங்கள் சொல்வது வெள்ளியின் மீது காற்றிலுள்ள கந்தகம் படிந்த மெல்லிய படலம். அது நாணயத்துக்குக் கேடு செய்வதில்லை, சேகரிப்பவர்கள் பலர் அதை விரும்பவும் செய்கிறார்கள்.

மண்ணோ பிசுக்கோ இருந்தால் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து, தேய்க்காமல், பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். அதற்கு மேல் எதுவும் செய்யாதீர்கள். வைக்கும் இடத்தில் ரப்பர் வளையம், செய்தித்தாள், கம்பளித் துணி ஆகியவை இருக்கக் கூடாது. இவை எல்லாம் கந்தகத்தைக் கொடுத்துக் கறுப்பை விரைவுபடுத்துபவை. வளைந்து குழையும் பிவிசி உறைகள் சில ஆண்டுகளில் கசிந்து நாணயத்தின் மீது பச்சைப் பிசினாகப் படியும்; விறைப்பான பாலியெஸ்டர் உறைகளே பாதுகாப்பு. கார்த்திகை, மார்கழி ஈரத்துக்கு மாத்திரைப் புட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்துவைத்துப் பெட்டியில் போடுங்கள்.

காரைக்குடி வாசகர்: முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளைச் சுற்றி வரும்போது ஒருவர் இராமர் பட்டாபிஷேகக் காசு ஒன்றைக் காட்டினார். ஒரு புறம் ‘கிழக்கிந்தியக் கம்பெனி, ஓரணா, 1818’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. அரிசியை இழுக்கும் சக்தி உண்டு, இரண்டு இலட்சம் என்றார்.

பதில்: வாங்காமல் வந்தீர்களே, அதற்கு நன்றி. பொதுப் புழக்கத்துக்கு ஓரணா நாணயம் நம் நாட்டில் வந்ததே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எட்வர்டு மன்னர் காலத்தில். அப்போது கம்பெனி ஆட்சி முடிந்தே அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. 1818-இல் இராமர் உருவத்துடன் கம்பெனி ஓரணா அடிக்கவே இல்லை. இவை பக்தர்களுக்காகவும், பிற்பாடு ஏமாற்றுவதற்காகவும் பட்டறைகளில் அடித்த வில்லைகள். பூசையறையில் வைக்க இருபது முப்பது ரூபாய்க்குக் கிடைத்தால் வாங்குங்கள். அரிசி இழுக்கும் காசு, கலசம், இரிடியம் என்று பேச்சு எழுந்த இடத்தில் நிற்காதீர்கள். இந்தப் பேச்சை நம்பி வீட்டை அடமானம் வைத்தவர்கள் நம் மாவட்டத்திலேயே உண்டு.

புதுவயல் வாசகர்: என்னிடமுள்ள வைஷ்ணவ தேவி நாணயத்தை ரிசர்வ் வங்கியே பத்து இலட்சத்துக்கு வாங்குகிறது, முதலில் வரி கட்டுங்கள் என்று தொலைபேசியில் சொல்கிறார்கள்.

பதில்: ரிசர்வ் வங்கி அப்படி எந்த நாணயத்தையும் வாங்குவதில்லை, கட்டணமோ தரகோ கேட்பதும் இல்லை. தன் பெயரைச் சொல்லி நடக்கும் இந்த மோசடியைப் பற்றி வங்கியே 2021-இல் மக்களை எச்சரித்தது. அந்த நாணயம் 2012-இல் புழக்கத்துக்கு வந்தது. கடையில் கொடுத்தால் அதன் மதிப்புக்கு மிட்டாய் தருவார்கள்.

ஆத்தங்குடி வாசகர்: கொல்லையில் அஸ்திவாரம் தோண்டும்போது காசுகளுடன் கலயம் ஒன்று வந்தது. எங்கள் மனை, எங்கள் காசுதானே?

பதில்: அப்படி இல்லை. மண்ணுக்குள் புதைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். பெட்டகத்தில் கிடைத்தது வேறு, மண்ணில் கிடைத்தது வேறு. கலயத்தை அப்படியே, காசுகளைக் கழுவாமல் வைத்திருந்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

செட்டிநாடு வாசகி: மாமியார் கொடுத்த பத்து ரூபாய் வெள்ளி நாணயங்களை உருக்கிக் குங்குமச் சிமிழ் செய்யலாம் என்கிறார் ஆசாரி.

பதில்: அரசு நாணயத்தை உருக்குவது 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஏழாண்டுவரை சிறைக்குரிய குற்றம். சிமிழுக்கு வெள்ளியை நகைக்கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். நாணயம் நாணயமாகவே இருக்கட்டும்.

தேவகோட்டை, எட்டாம் வகுப்பு மாணவி: திருவள்ளுவர் ஐந்து ரூபாய் ஒன்று என்னிடம் இருக்கிறது. தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்த படத்தை இணைத்திருக்கிறேன். இது எந்த ஊரில் அடித்தது?

பதில்: உன் படம் நன்றாக வந்திருக்கிறது, வள்ளுவர் கையிலுள்ள ஓலையும் எழுத்தாணியும்கூடத் தெரிகின்றன. நாணயம் பிறந்த ஊரைச் சொல்வது, ஆண்டுக்குக் கீழே கடுகளவில் இருக்கும் ஒரு குறி. வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, எதுவுமே இல்லையென்றால் கொல்கத்தா. நீ தேய்த்ததில் ஆண்டின் கடைசி 5 வரைக்கும் வந்து, அதற்குக் கீழே தாள் மடிந்துவிட்டது. தாளை விளிம்புக்கு வெளியே நீட்டிப் பிடித்து, அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை தேய்த்து அனுப்பு.